பேச்சுரிமை, மத உரிமை எங்கிருந்து வந்தது? தூத்துக்குடி கடற்கரையில் சோதிக்கப்பட்ட தத்துவங்கள் - முழு விளக்கம்

"ஜனநாயக நாடு, என்ன வேணும்னாலும் பேசலாம்" என்பார் ஒருவர். "அதுக்குன்னு எல்லாத்தையும் பேசிட முடியுமா?" என்பார் இன்னொருவர். டீக்கடையில் தினமும் நடக்கும் இந்த வாக்குவாதத்துக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் வயசு. ஐரோப்பியத் தத்துவவாதிகள் இதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். அவர்கள் எழுதியது உண்மையில் எவ்வளவு தூரம் செல்லும் என்று சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று தூத்துக்குடி.

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கடற்கரையில் டச்சுக்காரர்கள் மத நம்பிக்கையை மாற்றப் பார்த்தார்கள். ஆங்கிலேயர்கள் வ.உ.சி.யின் வாயை அடைக்கப் பார்த்தார்கள். இரண்டு சம்பவங்களையும் தெரிந்துகொண்டால், அரசமைப்புச் சட்டத்தின் 19-வது, 25-வது பிரிவுகள் ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பது எளிதாகப் புரியும்.

முதல்ல, சட்டம் என்ன சொல்லுது?

- பிரிவு 19(1)(அ): பேச்சுரிமை, கருத்துரிமை. இது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்.
- பிரிவு 19(1)(ஆ): ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. இதுவும் குடிமக்களுக்கே.
- பிரிவு 25: மனசாட்சிச் சுதந்திரம், விரும்பிய மதத்தைப் பின்பற்ற, கடைப்பிடிக்க, பரப்ப உரிமை. இது இந்தியாவில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். வெளிநாட்டவருக்கும் உண்டு.

இந்த உரிமைகள் எதுவுமே எல்லையற்றவை அல்ல. பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம். எந்த அளவுக்கு விதிக்கலாம் என்பதில்தான் சண்டையே.

டச்சுக்காரர்கள் வந்தபோது என்ன நடந்தது?

1535 முதல் 1537 வரையிலான காலத்தில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் பெருந்திரளாகக் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தனர். முத்துக்குளிப்பில் அப்போது கடும் போட்டி. போர்ச்சுகீசியரின் கடற்படைப் பாதுகாப்பு தங்களுக்குக் கிடைக்கும் என்பது இந்த முடிவுக்கு முக்கியக் காரணம் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது அதற்குப் பிறகு, 1542-ல்.

"பாதுகாப்புக்காக மாறியவர்கள்தானே, ஆட்சி மாறினால் மதமும் மாறிவிடும்" என்று யாரும் நினைத்திருக்கலாம். 1658-ல் அதற்கான சோதனை வந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது. டச்சுக்காரர்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள், தேவாலயங்களைக் கைப்பற்றினார்கள். பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற டச்சு மதகுரு பரதவர்களைத் தங்கள் சபைக்குக் கொண்டுவர முயன்றார்.

முயற்சி பலிக்கவில்லை. மக்கள் டச்சு எல்லைக்கு வெளியே போய்த் திருப்பலியில் கலந்துகொண்டார்கள். முத்தும் வியாபாரமும் டச்சுக்காரர் கையில் இருந்தும், மனசு அவர்கள் கைக்கு வரவில்லை. கடைசியில் கம்பெனி இறங்கிவந்தது. இன்று பனிமய மாதா பேராலயம் என்று அழைக்கப்படும் கோயில், டச்சு ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1713-ல் கட்டி முடிக்கப்பட்டது.

இதுக்கும் தத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்?

தூத்துக்குடியில் டச்சுக்காரர்கள் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்திலிருந்து தப்பி ஓடிய ஒருவர் டச்சு நாட்டில் அடைக்கலம் புகுந்தார். அவர் ஜான் லாக். அங்கே ஒளிந்திருந்தபோது அவர் எழுதிய, மத சகிப்புத்தன்மை பற்றிய கடிதம் 1689-ல் டச்சு நகரமான கௌடாவில் அச்சானது. இன்றைய மத உரிமைச் சட்டங்களுக்கு அடித்தளமான நூல்களில் அது ஒன்று.

லாக்கின் வாதம் எளிமையானது. அரசின் கையில் இருப்பது பலம். பலத்தால் ஒருவரை மண்டியிட வைக்கலாம், நம்ப வைக்க முடியாது. நம்பிக்கை உள்ளே இருந்து வர வேண்டும். அப்படியானால் நம்பிக்கையை அரசு உத்தரவு போட்டு மாற்ற நினைப்பது தப்பு என்பதோடு, பலனில்லாத வேலையும்கூட. தூத்துக்குடி பரதவர்கள் இதை நடைமுறையில் காட்டினார்கள். அவர்களில் யாரும் லாக்கைப் படித்திருக்கவில்லை.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. டச்சு மாகாணங்கள் 1579-லேயே, மதத்துக்காக யாரையும் துன்புறுத்தக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டவை. சொந்த நாட்டுக்குச் சொன்னதைக் கம்பெனி முத்துக்குளித்துறையில் கடைப்பிடிக்கவில்லை. லாக்கும் முழுமையானவர் இல்லை. நாத்திகர்களுக்கும், வெளிநாட்டு அதிகாரத்துக்கு விசுவாசம் காட்டுபவர்களுக்கும் அவர் சகிப்புத்தன்மையை மறுத்தார். இரண்டாவது வகையில் அவர் மனதில் இருந்தவர்களில் போப்புக்குக் கட்டுப்பட்ட கத்தோலிக்கர்களும் உண்டு என்பது பலரின் கருத்து. அந்த அளவுகோலை வைத்தால் தூத்துக்குடி பரதவர்களுக்கே உரிமை கிடைத்திருக்காது.

அப்போ இது வெளிநாட்டுச் சரக்கா?

இல்லை. லாக்கிற்கு ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே, பேரரசர் அசோகர் தன் 12-வது பாறைக் கல்வெட்டில் எல்லா சமயப் பிரிவுகளும் மதிக்கப்பட வேண்டும் என்று பொறித்தார். தன் சமயத்தை அளவுக்கு மீறிப் புகழ்வதையும், காரணமின்றிப் பிறர் சமயத்தை இகழ்வதையும் தவிர்க்கச் சொன்னார். சொல்லும் உரிமையோடு சொல்லடக்கத்தையும் அவர் சேர்த்தே வைத்தார்.

தமிழில் மணிமேகலை காப்பியத்தில் ஒரு முழுக் காதையே சமய விவாதத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வஞ்சி நகரில் சைவம், வைணவம், ஆசீவகம், சமணம், உலகாயதம் என ஒவ்வொரு தரப்பும் தன் கொள்கையைச் சொல்ல, மணிமேகலை கேட்கிறாள். கடவுள் இல்லை என்பவருக்கும் அந்த அவையில் இடம் உண்டு. லாக் ஒதுக்கி வைத்த நாத்திகருக்கு, அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய தமிழ்க் காப்பியம் இடம் கொடுத்திருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அரசன் விரும்பினால் கிடைக்கும் சகிப்புத்தன்மை வேறு, அரசனே மறுத்தாலும் கோர்ட்டில் கேட்டு வாங்கக்கூடிய உரிமை வேறு. இரண்டாவது வந்தது 1950 ஜனவரி 26-ல், அரசமைப்புச் சட்டத்தோடுதான்.

வ.உ.சி. என்ன பேசினார்? ஏன் இவ்வளவு பெரிய தண்டனை?

1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடி - கொழும்பு வழித்தடத்தில் ஆங்கிலேயக் கப்பல் கம்பெனிக்கு நேரடிப் போட்டி. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு, வார விடுமுறை போன்றவற்றைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். தொழிலாளர்கள் ஜெயித்தார்கள்.

1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது 40 ஆண்டுகள். சிவாவுக்கு 10 ஆண்டுகள். முக்கியக் குற்றச்சாட்டு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ, ராஜதுரோகம். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. சிறையில் செக்கு இழுத்த வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருடைய கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை.

124ஏ-வை எழுதியது யார்?

இந்தப் பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டது 1870-ல். கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், கவர்னர் ஜெனரல் சபையின் சட்ட உறுப்பினர். அவர் வெறும் சட்ட அதிகாரி மட்டும் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் 1873-ல் ஒரு தத்துவ நூல் எழுதினார். அது முழுக்க ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற தத்துவவாதிக்கு மறுப்பு.

மில் 1859-ல் வெளியிட்ட 'சுதந்திரம்' பற்றிய நூல்தான் பேச்சுரிமைக்கு இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் வாதத்தை மூன்று வரியில் சொல்லலாம்:

- நீங்கள் அடக்கும் கருத்து உண்மையாக இருக்கலாம். அடக்கினால் உண்மையை இழப்பீர்கள்.
- அது பாதி உண்மையாக இருக்கலாம். மீதிப் பாதி உங்களிடம் இருக்கலாம். மோதினால்தான் முழுசும் கிடைக்கும்.
- அது முழுப் பொய்யாகவே இருந்தாலும், அதற்குப் பதில் சொல்லிப் பழகாவிட்டால் உங்கள் உண்மையும் வெறும் மனப்பாடம் ஆகிவிடும்.

அப்போ எங்கே நிறுத்துவது? மில் ஓர் உதாரணம் கொடுத்தார். "தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள்" என்று பத்திரிகையில் எழுதினால் தடுக்கக் கூடாது. அதையே ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் கொந்தளித்து நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம். கருத்து ஒன்றுதான். அது உடனடியாகத் தீங்கை உண்டாக்குமா என்பதுதான் அளவுகோல்.

ஸ்டீபன் இதை ஏற்கவில்லை. சமூகத்தைக் கட்டிக்காப்பது கட்டாயமும் பயமும்தான் என்பது அவர் நிலைப்பாடு. 124ஏ-வின் வார்த்தைகளிலும் அதுதான் தெரிந்தது. அரசின் மீது வெறுப்பையோ அதிருப்தியையோ தூண்டினாலே குற்றம். வன்முறை நடக்க வேண்டிய அவசியமே இல்லை.

மில்லும் நமக்கு முழுசாக உதவ மாட்டார். அவர் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தன் கொள்கை "பின்தங்கிய" சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அதே நூலில் எழுதிவைத்தார். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் சுதந்திரம் கோரல் மில் தொழிலாளிக்கு இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

1908-ல் இன்னொரு தீர்ப்பு: கமுதி

வ.உ.சி. தண்டிக்கப்பட்ட அதே 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் இன்னொரு தீர்ப்பு தந்தது. 1897-ல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டது தொடர்பான வழக்கு அது. வழக்கத்தைக் காரணம் காட்டி, அவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று தீர்ப்பானது.

மத உரிமையில் மில், லாக் போன்றவர்கள் பெரிதாகப் பேசாத ஒரு கேள்வியை இது எழுப்பியது. அரசு மதத்துக்குள் தலையிடாமல் விலகி நின்றால் போதுமா? மதத்துக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரை வாசலில் நிறுத்தினால் என்ன செய்வது?

அரசமைப்புச் சபை என்ன செய்தது?

இந்த அனுபவங்கள் எல்லாம் 1948 டிசம்பரில் விவாத மேடைக்கு வந்தன.

- ராஜதுரோகம்: வரைவில் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'ராஜதுரோகம்' என்ற சொல்லும் இருந்தது. கே.எம்.முன்ஷி திருத்தம் கொண்டுவந்தார். அரசை விமர்சிப்பது ஜனநாயகத்தின் அடிப்படை என்று வாதிட்டார். சொல் நீக்கப்பட்டது. ஆனால் தண்டனைச் சட்டத்தில் 124ஏ அப்படியே இருந்தது.
- மதத்தைப் 'பரப்ப' உரிமை: இந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் கோரினர். தமிழ்நாட்டிலிருந்து டி.டி.கிருஷ்ணமாச்சாரி, கே.சந்தானம், எல்.கிருஷ்ணசாமி பாரதி ஆகியோர் அது இருக்கட்டும் என்றனர். தான் 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்தும் யாரும் தன்னை மதம் மாற்ற முயலவில்லை என்றார் டி.டி.கே. சொல் நிலைத்தது.
- கோயில் நுழைவு: பிரிவு 25(2)(ஆ), இந்துப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் போடலாம் என்றது. கமுதி வழக்கில் 'வழக்கம்' ஜெயித்தது. இங்கே சமத்துவம் ஜெயித்தது.

அமெரிக்கா, அரசும் மதமும் தனித்தனி என்று சுவர் எழுப்பியது. இந்தியா அப்படிச் செய்யவில்லை. நம்பிக்கையில் அரசு கை வைக்கக் கூடாது, ஆனால் அநீதி நடந்தால் தலையிடலாம் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தது.

அதுக்கு அப்புறம் கோர்ட் சொன்னது என்ன?

- 1950, ரொமேஷ் தாப்பர் வழக்கு: 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்குச் சென்னை மாகாண அரசு விதித்த தடை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டே முதலாவது திருத்தம் வந்தது. 'பொது ஒழுங்கு' என்ற காரணம் சேர்ந்தது. கூடவே, கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.
- 1954, சிரூர் மடம் வழக்கு: ஒரு மதத்துக்கு இன்றியமையாத நடைமுறைகளுக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம்.
- 1962, கேதார்நாத் சிங் வழக்கு: 124ஏ செல்லும், ஆனால் வன்முறையை அல்லது பொதுக் குழப்பத்தைத் தூண்டும் பேச்சுக்கு மட்டும். ஸ்டீபன் எழுதிய சட்டத்துக்கு மில்லின் அளவுகோல் கிட்டத்தட்ட இங்கேதான் மாட்டப்பட்டது.
- 1977, ஸ்டானிஸ்லாஸ் வழக்கு: மதத்தைப் பரப்பும் உரிமையில், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது. ஏனென்றால் மனசாட்சிச் சுதந்திரம் எதிரில் இருப்பவருக்கும் உண்டு. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைத் தமிழ்நாடு 2002-ல் கொண்டுவந்து, 2004-ல் திரும்பப் பெற்றது.
- 1989, ரங்கராஜன் வழக்கு: 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தைத் திரையிட அனுமதித்த உச்ச நீதிமன்றம், போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து கருத்துரிமையை முடக்க முடியாது என்றது. ஆபத்து உடனடியானதாக, வெடிமருந்தில் விழும் தீப்பொறி போல இருக்க வேண்டும்.

ராஜதுரோகச் சட்டம் இப்போ இருக்கா?

2022 மே 11-ல் 124ஏ வழக்குகளை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 'ராஜதுரோகம்' என்ற சொல் அதில் இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மை, ஒற்றுமைக்கு ஆபத்து விளைவிக்கும் செயல்களைத் தண்டிக்கும் 152-வது பிரிவு இருக்கிறது. பெயர்தான் மாறியது, பொருள் மாறவில்லை என்பது விமர்சகர்கள் வாதம். அரசை விமர்சிப்பது வேறு, நாட்டைத் துண்டாடத் தூண்டுவது வேறு, புதிய பிரிவு இரண்டாவதை மட்டுமே தொடுகிறது என்பது அரசுத் தரப்பு வாதம்.

2018 மே 22: தூத்துக்குடியில் மறுபடியும் அதே கேள்வி

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள். ஆலைப் பகுதியில் 144 தடை உத்தரவு. மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணியாகப் போனார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் அன்றும் மறுநாளும் சேர்த்து 13 பேர் உயிரிழந்தனர். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டது. மே 28-ல் ஆலையை மூட அரசு உத்தரவிட்டது.

பேச்சுரிமை, கூடும் உரிமை, பொது ஒழுங்கு ஆகிய மூன்றும் ஒரே தெருவில் மோதிய நாள் அது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-ல் தந்த அறிக்கை, காவல்துறையினர் மீதும் அப்போதைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. ஆலையைத் திறக்கக் கோரிய நிறுவனத்தின் மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இணைய முடக்கம் பற்றிய தெளிவு காஷ்மீர் வழக்கில் வந்தது. 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையம் வழியான கருத்து வெளியீட்டுக்கும் 19(1)(அ) பாதுகாப்பு உண்டு என்றது. காலவரையின்றி முடக்கக் கூடாது, முடக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றும் சொன்னது.

சரி, நடைமுறையில் எனக்கு என்ன உரிமை இருக்கு?

*அரசைத் திட்டிப் பேசலாமா?* விமர்சிக்கலாம், கடுமையாகவும் விமர்சிக்கலாம். வன்முறைக்குத் தூண்டக் கூடாது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு போன்றவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

*என் மதத்தைப் பற்றி இன்னொருவரிடம் பேசலாமா?* பேசலாம். கட்டாயப்படுத்தவோ ஏமாற்றவோ கூடாது. முடிவு அவருடையது.

*மதமே வேண்டாம் என்று சொல்லலாமா?* தாராளமாக. மனசாட்சிச் சுதந்திரத்தில் நம்பாமல் இருக்கும் சுதந்திரமும் அடக்கம்.

*போராட்டம் நடத்த அனுமதி மறுத்தால்?* மறுத்த உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்கி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. தடை நியாயமானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுக்கு.

கடைசியா ஒரு விஷயம்

தத்துவவாதிகள் எழுதிய சுதந்திரத்தில் எப்போதும் யாரோ ஒருவர் விடுபட்டிருந்தார். லாக் நாத்திகரை விட்டார், மில் அடிமை நாட்டு மக்களை விட்டார், பிரிவி கவுன்சில் கோயில் வாசலில் நின்றவரை விட்டது. விடுபட்டவர்கள் "எங்களுக்கும்தான்" என்று கேட்டபோதுதான் அந்தச் சுதந்திரம் விரிந்தது. சட்டத்தில் 'எல்லோருக்கும்' என்ற சொல் வந்தது அப்படித்தான்.

சிறையிலிருந்து வந்த வ.உ.சி. திருக்குறள், தொல்காப்பியம், சிவஞானபோதம் என்று பதிப்பும் உரையுமாக எழுதிக்கொண்டே இருந்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். அவரைத் தண்டித்த ராஜதுரோகம் என்ற சொல், பேச்சுரிமையைத் தடுக்கும் காரணங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது 12 ஆண்டுகள் கழித்து. அதைப் பார்க்க அவர் இல்லை. இன்று தூத்துக்குடி துறைமுகத்துக்கு அவர் பெயர்தான்.